ரப்பர் ஓரத்தில் வைத்த திருநீறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருஷம் தள்ளிப்போட்டேன். ஆடி மாசம் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் ஆத்தா என்று சொல்லிவிட்டு வருவேன். வீடு வந்து சேர்ந்ததும் மனசு பின்வாங்கிவிடும். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். எழுதத் தெரியாமல் எழுதி, சாமியைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. குறை சாமியிடம் இல்லை. என்னிடம்தான்.

எங்கள் வீடு நாரணாபுரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரி பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரங்களை எண்ணிப் பெட்டி போடுகிறாள். நான் தெற்கே கடலோரத்தில் உள்ள அணுமின் நிலையத்தில் காண்ட்ராக்ட் ஆள், காற்று வடிகட்டும் பிரிவு. வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவேன். ஊரில் என்னைப் பார்த்து, அணு உலைக்குள் போகப் பயமாக இல்லையா என்று கேட்பார்கள். அங்கே உள்ளவர்கள், பட்டாசு ஊரிலா பெண்டாட்டியை விட்டிருக்கிறாய் என்று கேட்பார்கள். நாங்கள் ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அங்கே கட்டடத்துக்குள் இருக்கும் காற்று அப்படியே வெளியே போகாது. வடிகட்டிகளைத் தாண்டித்தான் உயரமான புகைபோக்கிக்குப் போகும். ஒரு வடிகட்டி என்பது ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்குகிற அளவுக்கு ஒரு சட்டம். அதற்குள் வெள்ளைத் தாளை நெருக்கமாக மடித்து மடித்து அடுக்கியிருக்கும். விரல் பட்டாலே கிழிந்துவிடும். சட்டத்தின் ஓரத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். அந்த ரப்பர் சுவரில் உள்ள இரும்போடு இடைவெளி இல்லாமல் அழுந்தி உட்கார்ந்தால்தான் காற்று முழுக்கத் தாள் வழியாகப் போகும். முடி அளவு சந்து இருந்தாலும் காற்று அதன் வழியாக நழுவிவிடும்.

ஸ்டோரில் புதுப் பெட்டியைப் பிரித்து, டார்ச் அடித்துத் தாளைப் பார்த்து, ரப்பரை விரலால் நாலு பக்கமும் தடவிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அதைக் கொண்டுபோய் மாட்டி, நாலு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவது என்னோடு வேலை பார்க்கும் சாத்தூர் அண்ணாச்சியின் பொறுப்பு. பிறகு ஒரு பக்கம் எண்ணெய்ப் புகை விட்டு, மறுபக்கம் மீட்டர் பிடித்துக் கசிவு பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் அந்த வடிகட்டி வரிசை வழியாகக் காற்றை விடுவார்கள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், சைக்கிள் ஆனாலும் கிரைண்டர் ஆனாலும், ஒரு பொட்டு வைக்காமல் தொட மாட்டோம். என் வீட்டுக்காரி வாராவாரம் இருக்கன்குடித் திருநீறைத் தாளில் மடித்துப் பையில் வைத்துவிடுவாள். நான் அதில் ஒரு சிட்டிகை எடுத்து, புது வடிகட்டிக்கு லேசாக இழுத்துவிடுவேன். சட்டத்தில் இழுத்தால் யாராவது பார்த்துத் துடைக்கச் சொல்வார்கள். ஆகவே ரப்பரில், மேலே இடது மூலையில். மாட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பட்டும் படாமலும் இழுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. தப்பு என்றும் தோன்றவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் போன் பண்ணினாள். பக்கத்துக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்துவிட்டதாம். இவர்கள் எல்லாரும் வேலிக்குள் புகுந்து ஓடியிருக்கிறார்கள். ஆள் சேதம் இல்லை என்று சொன்னவள், ஏதோ சந்தையில் தொலைத்த மாதிரி, “செருப்புதாங்க போச்சு” என்றாள். அன்று பிரித்த வடிகட்டிக்குத் திருநீறைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அப்பி, பெரிய பொட்டாகவே வைத்தேன். அந்த வேண்டுதல் நிலையத்துக்கு இல்லை. அவளுக்கு.

வெள்ளிக்கிழமை சோதனையில் அந்த வடிகட்டி கசிந்தது. மீட்டர் பிடித்தவர், மேல் இடது மூலை என்று சொன்னதும் நான் பொட்டு வைத்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் நேரே அண்ணாச்சியிடம்தான் போனார். போல்ட்டைச் சமமாக முறுக்கவில்லை என்று அண்ணாச்சிக்கு முன்னமே ஒரு எச்சரிக்கை இருந்தது. இது ரெண்டாவது. திங்கட்கிழமை எஞ்சினியர் அம்மா வந்து விசாரிக்கும் வரை வாசலோடு இருக்கட்டும் என்று அவர் உள்ளே போகும் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி ஐம்பதைத் தாண்டியவர். இந்த வாசல் அடைபட்டால் அவருக்கு வேறு வாசல் கிடையாது.

வெளியே வரும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“நாலும் ஒண்ணுபோலத்தான் முறுக்குனேன் தம்பி. நீ பக்கத்துலதான நின்ன?”

நான் “ம்” என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். அவள் காலில் முள் கிழித்த இடங்களில் மஞ்சள் பூசியிருந்தது. அவள் அதைப் பார்க்க விடாமல் சோறு போட்டாள். ரெண்டு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை. என்ன என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். பொட்டு வைத்ததையும், “ம்” என்றதையும்.

திட்டுவாள் என்று பார்த்தேன். தட்டை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் கம்பெனியில் ஆயுத பூசை எப்படி நடக்கிறது என்று தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியும், வருஷா வருஷம் பொரி கொண்டுவருவாளே.

“சூடம் கேட்டுக்கு வெளியதான் கொளுத்துவோம். ரூமுக்குள்ள பூ மட்டுந்தான் போகும். அதுக்காக ஆத்தா எங்களக் கோவிச்சிருக்காளா? இம்புட்டு வருஷம் எங்கூட குடும்பம் நடத்தியும் உங்களுக்கு இது தெரியலையே.”

தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மேலே சொன்னாள்.

“ஆத்தாளக் கொண்டுபோயி இடுக்குல வச்சு நசுக்கிப்புட்டு, பழியத் தூக்கி அந்த மனுசன் தலையில வச்சிருக்கீக. போயிச் சொல்லிருங்க. வேலை போனா நான் சக்கரம் ரெண்டு பெட்டி கூடப் போடுறேன்.”

சொல்லிவிட்டு மறுபடியும் தட்டை என் முன்னால் இழுத்து வைத்தாள். நான் சாப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

திங்கள் காலையில் எஞ்சினியர் அம்மா பையை மேசையில் வைக்கும் முன்பே போய் நின்று சொன்னேன். அந்த அம்மா முதலில் நம்பவில்லை. அண்ணாச்சியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார்கள். வடிகட்டியைக் கழற்றச் சொன்னார்கள். மூலையில் திருநீறு சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி காய்ந்து, ரப்பரில் குழி விழுந்திருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். விசாரணைக்காக உள்ளே அழைத்திருந்த அண்ணாச்சியை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

இதற்கு முன்னால் எத்தனைக்கு வைத்தாய் என்று கேட்டார்கள். நினைவில் இருந்த அத்தனையையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் மறுபடி சோதித்தார்கள். எல்லாம் தேறின. அது முடிகிற வரை நான் தூங்கிய தூக்கம் தூக்கமே இல்லை. அண்ணாச்சிக்கு அன்றைக்கே பாஸ் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு மாசம் உள்ளே போகத் தடை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் புது வடிகட்டியைத் தொட விடவில்லை. முன்னால் மாட்டுகிற தூசி வலைகளைக் கழுவும் வேலை கொடுத்தார்கள். அதையும் சாமி கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தடை முடிந்து போனபோது அண்ணாச்சி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் பக்கத்தில் வந்து நின்றார்.

“சாமியவே போல்ட் போட்டு முறுக்க வச்சிட்டியேடா. இந்தப் பாவத்துக்கு நான் மொட்டை போட முடியாது. எனக்கும் சேத்து நீதான் போடணும், உனக்குத்தான் முடி நெறைய இருக்கு.”

அந்த ஆடியில் போட்டேன். அவரும் வந்திருந்தார். என் வீட்டுக்காரி வைத்த பொங்கலை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

போன ஆடியில் அதே இருக்கன்குடி ஆற்று மணலில், யாரோ ஒருவர் தன் கூட்டத்தாருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அணு உலையில் ஒரு பொறுப்பில்லாத ஆள் போல்ட்டை ஒழுங்காக முறுக்காமல் விட்டானாம், காற்று கசிந்ததாம், பக்தன் ஒருவன் ஆத்தா திருநீறை வைத்ததும் நின்றுவிட்டதாம். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு எழுந்துபோய் மறுக்கத் தைரியம் வரவில்லை. மறுபடியும் “ம்” என்று இருந்துவிட்டேன். என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது பையில் திருநீறு மடித்து வைப்பதில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவளே என் நெற்றியில் இட்டு, கண்ணில் விழாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தை ஊதிவிடுகிறாள். நானும் அவளுக்கு அப்படியே செய்கிறேன். அதற்கு மேல் ஆத்தா பார்த்துக்கொள்வாள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கசிவு என்னால் வந்தது. அண்ணாச்சி நாலு போல்ட்டையும் ஒன்றுபோல முறுக்கியிருந்தார். அது தெரிந்தும் நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.