என் மனைவியைப் பார்த்த வண்டி

விழுப்புரத்தில் நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எங்களுக்குக் கைதான் பேச்சு. சாலையைத் தாண்டும்போது அவள் ஓட்டுபவரின் முகத்தைப் பார்ப்பாள். அவர் தலையசைத்தால்தான் காலெடுத்து வைப்பாள். ஒருமுறை திண்டிவனத்தில் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிய கார் ஒன்று அவள் புடவையை உரசிக்கொண்டு போனது. உள்ளே இருந்தவரின் முகம் தெரியவில்லை. அதன்பிறகு தனியாகத் தாண்டவே மாட்டாள்.

தினமும் என் ஆட்டோவில் பஸ் நிலையத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்திக்கு இது தெரியும்.

"அண்ணா, ஆளில்லாம ஓடற வண்டி ஒண்ணு செஞ்சிக்கினு இருக்கோம். ஹாரன் கேக்காதவங்ககிட்ட அது எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும். அக்காவ கூட்டிக்கினு வர்றீங்களா?"

"அது முன்னாடி இவள நிறுத்தறதா? வேணாம்மா."

"ஆள் நடக்கற வேகந்தான் போகும். நிறுத்தற பட்டன் என் கையிலதான் இருக்கும்ணா."

மனைவியிடம் சொன்னதும் அவளே கிளம்பிவிட்டாள்.

திண்டிவனம் பக்கத்திலுள்ள அந்தக் கல்லூரி மைதானத்தில் அந்தச் சின்ன பேட்டரி வண்டி வந்தது. சீட்டில் யாருமில்லை, ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. 'வேண்டாமென்றால் போய்விடலாம்' என்று கை காட்டினேன். அவள் என்னை விட்டு விலகி நடந்தாள்.

வண்டி வேகம் குறைந்து நின்றது. பழக்கத்தில் அவள் சீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். வண்டியின் முகப்பில் நீளமாக ஒரு விளக்குப் பட்டை. அதில் அவளுக்கு நேர் எதிரே மட்டும் ஒரு வெளிச்சம் எரிந்தது. அவள் இடப்பக்கம் ஓரடி வைத்தாள், வெளிச்சமும் நகர்ந்தது. வலப்பக்கம் வந்தாள், அதுவும் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு 'போகட்டுமா?' என்று கையால் கேட்டாள். பட்டை முழுவதும் எரிந்து, அவள் போகவேண்டிய திசையில் வெளிச்சம் மெல்ல ஓடியது. ஓடாமல், பதறாமல் தாண்டினாள். அந்தப் பக்கம் போனதும் திரும்பி, வெறும் சீட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் வண்டி ஓட்டுகிறேன், யாருக்கும் நான் இப்படி வழிவிட்டதில்லை.

"அக்கா என்ன சொல்றாங்கண்ணா?"

"அவள பாத்துட்டேன்னு வண்டியே சொல்லுச்சாம். ஆனா வெயில்ல விளக்கு மங்கலா இருக்குதாம். மேல எதனா மறைப்பு வைக்கணுமாம்."

மாணவர்கள் ஓடிப்போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து விளக்குக்கு மேலே ஒட்டினார்கள். அவள் மறுபடி தாண்டினாள், மறுபடியும் தாண்டினாள். கடைசியில் நான்தான் இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் என் தோளைத் தட்டித் தட்டி ஏதோ சொல்ல வந்தாள். சாலையைப் பார்ப்பதா, அவள் கையைப் பார்ப்பதா? கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடையோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.