மெத்தைக்கடை இளவரசி

பனியில் மண்டியிட்டுக் கிடக்கும் பட்டத்து இளவரசிக்காக நீங்கள் கண்ணீர் விட்டிருக்கிறீர்களா? விட்டிருப்பீர்கள். சரி, அவள் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு அதே பனியில் நின்றாளே ஒருத்தி, அவள் முகம் ஞாபகம் இருக்கிறதா?

மெத்தைக்கடையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கும் ஞாபகம் இருந்ததில்லை. சீனத்துச் சரித்திரக் காதல் தொடர் என்றால் அவளுக்கு உயிர். தமிழில் குரல் மாற்றி வந்தவற்றில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதனால் கடையில் அவளுக்கு வைத்த பெயரே 'இளவரசி'. சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே, காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், தண்ணீர் பாட்டில்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டால் உலகம் அவளுக்கு அங்கே முடிந்துவிடும். பக்கத்தில் துணைக்குத் தலையணைப் பிரிவில் நிற்கும் அக்கா.

கதை ஏழு பிறவியாகத் தொடரும் காதல். இளவரசன் ஒரு படையையே தனியாளாக வெட்டிச் சாய்த்துவிட்டு வெள்ளை உடையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் திரும்புவான்.

"இவன் துணிய யாருடி துவைக்கிறா? அவளுக்குல்ல முடி சூட்டணும்!" என்பாள் அக்கா.

"கதைய கெடுக்காதக்கா."

"கெடுக்கிறதுக்கு அதுல என்ன மிச்சம் இருக்கு?"

இளவரசியின் வேலை, வருகிறவர்களை மெத்தையில் உட்காரவைப்பது. "உக்காந்து பாருங்க சார், சாஞ்சு பாருங்கம்மா" என்று காலையிலிருந்து கடை மூடும்வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆனால் அவள் உட்காரக் கூடாது. கடை நிறைய பஞ்சும் ரப்பரும் அடுக்கி வைத்திருக்கும் அந்த இடத்தில், வேலை செய்கிற ஒருத்திக்கும் குந்த ஒரு முக்காலி கிடையாது. முழங்காலுக்குப் பின்னால் நரம்புகள் நீலமாகப் புடைத்து முறுக்கிக்கொண்டபோது, "இடையிடையே உட்காராவிட்டால் புண்ணாகிவிடும்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு முக்காலிதான்.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். "உக்காந்து உக்காந்தே என் இடுப்பு போச்சு" என்று முனகுவார்.

"நின்னு நின்னே என் கால் போச்சு. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறுமான்னு பாப்போம்" என்பாள் அவள்.

முதலாளியிடம் கேட்டாள். சுழல்நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் சொன்னார்: "நின்னாத்தாம்மா வாடிக்கையாளருக்கு மரியாதை. அவங்கவங்க தலையெழுத்துன்னு ஒண்ணு இருக்குல்ல?" தலையில் எழுதுகிற அந்த ஆசாமி, நாற்காலி உள்ளவன் வீட்டில்தான் வேலை பார்க்கிறான் போலிருக்கிறது.

இளவரசிக்குத் தெரிந்த அரசியல் எல்லாம் அந்தத் தொடரில் கற்றதுதான். அரண்மனை வாசலில் மண்டியிட்டால் கல்நெஞ்சும் கரையும். ஆகவே ஒருநாள் காலை, கடை திறந்ததும், பெண்கள் எல்லோரையும் திரட்டிக்கொண்டு போய் முதலாளி அறையின் முன்னால் மண்டியிட்டாள்.

"எனக்கு முட்டி மடங்காதுடி" என்றாள் அக்கா.

"மடக்குக்கா, அவரு மனசு இளகிடும்."

இளகத்தான் செய்தது. முதலாளி வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு மரியாதையா என்மேல! நீங்கள்ளாம் என் குடும்பம்மா" என்றார். கைபேசியை எடுத்து அவர்களைப் படம் பிடித்தார். பிறகு கனிவோடு, "சரி, எழுந்து போய் நில்லுங்க" என்றார்.

மறுநாள் அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, 'எங்கள் குடும்பம்' என்ற எழுத்தோடு கடைச் சுவரில் தொங்கியது. அதை மாட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் இளவரசிதான்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் தொடரின் உச்சக் காட்சி. இளவரசன் பனியில் ஓடி வந்து, மண்டியிட்டிருந்தவளைத் தன் கையாலேயே தூக்கி நிறுத்துகிறான். பூக்கள் கொட்டுகின்றன. புல்லாங்குழல் உருகுகிறது. திரையின் ஓரத்தில் குடை பிடித்தவள் சுருண்டு விழுகிறாள். இரண்டு காவலர்கள் அவளைக் காலைப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். புல்லாங்குழல் நிற்கவில்லை.

"யாருடி அவ?" என்றாள் அக்கா.

இளவரசி காட்சியைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். இன்னும் பின்னால் தள்ளிப் பார்த்தாள். எல்லாக் காட்சியிலும் அவள் இருந்தாள். எல்லாவற்றிலும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"அக்கா, மண்டி போட்டா தூக்கிவிடறது இளவரசியத்தான். நம்மள இல்ல."

கைபேசியை அணைத்துவிட்டுக் கடையின் முன்பக்கம் போனாள். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் கடையிலேயே விலை உயர்ந்த மெத்தை விரித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

முதலாளி பதறி ஓடி வந்தார். "எறங்கும்மா! என்ன இது அசிங்கம்?"

"மெத்த எப்படின்னு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணுமே சார். இத்தன வருஷமா உக்காராமலே பொய் சொல்லிட்டிருந்தேன்."

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடங்காத முட்டி அன்றைக்கு நன்றாகவே மடங்கியது. "நல்லாத்தாண்டி இருக்கு!" என்றாள். மற்றவர்களும் வந்தார்கள். மெத்தை கொள்ளவில்லை. கண்ணாடிக்கு வெளியே கூட்டம் சேர்ந்து சிரித்தது. முதலாளியைப் பார்த்துத்தான்.

கொஞ்ச நேரத்தில், தலையெழுத்தை மாற்றவே முடியாது என்றிருந்த அதே மனிதர், கிடங்கிலிருந்து ஒரு முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒன்றே ஒன்று. இப்போது ஒருத்தி உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்கிறார்கள், முறை மாற்றிக்கொள்கிறார்கள். இன்னும் ஒவ்வொருத்திக்கும் ஒன்று வந்தபாடில்லை.

தொடரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அழவும் செய்யுங்கள். ஆனால் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, உங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு எதிரில் நிற்கிறவளைப் பாருங்கள். நீங்கள் உட்காரும் முன், முதலாளி காதில் விழும்படி உரக்கக் கேளுங்கள்: "இவங்க உக்கார நாற்காலி எங்கே?" அது வரும்வரை நீங்களும் நில்லுங்கள்.