சபாபதி ஓட்டிய ஐந்து ரயில்

டங்! கூட்ஸ் வண்டியின் இரும்புப் பக்கத்தில் சாக்குக்கட்டியால் நாலு இங்கிலீஷ் வார்த்தை எழுதிவிட்டு, சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு. அதுதான் முற்றுப்புள்ளி. மற்றவர்கள் புள்ளி வைத்தால் கண்ணுக்குத்தான் தெரியும். சபாபதி பிரிக்ஃபீல்ட்ஸில் வைக்கிற புள்ளி இருபது மைல் தள்ளிக் கிள்ளானில் காதுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தில், குழம்பில் வெந்துகொண்டிருந்த கோழி ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்ததாக யார்டில் ஒரு பேச்சு உண்டு.

சபாபதிக்கு ரயில் யார்டில் வண்டி கோக்கிற வேலை. எஞ்சின் பின்னோக்கி வரும்போது இரண்டு வண்டிக்கு நடுவே குனிந்து கொக்கியை மாட்டிவிட்டு வெளியே வர வேண்டும். வரத் தாமதித்தால் வீட்டுக்கு வேறு ஆள்தான் சேதி கொண்டுபோவான். இடக்கைச் சுண்டுவிரலை அந்தக் கொக்கிக்குக் கொடுத்திருக்கிறார். கேட்டால் சிரிப்பார். "போனா போவுது லா. இங்கிலீசுல வார்த்தை எட்டு வகைதான். எண்ணிப் பாக்க ஒம்பது விரலு இருக்கு. அதுலயும் ஒண்ணு மிச்சம்!"

படிப்பு தமிழில் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்புப் பெட்டியைக் கழுவும்போது சீட்டுக்கடியில் ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் கிடைத்தது. யாரும் தேடி வராததால், ஆறு மாதம் கழித்து ஸ்டேஷன் மாஸ்டர் அதை அவரிடமே கொடுத்துவிட்டார். அட்டை கிடையாது. முதல் பதினாறு பக்கங்களைக் கரையான் படித்துவிட்டுப் போயிருந்தது. மிச்சத்தை இவர் படித்தார், ஆறு வருஷம்.

படித்ததைத் தன் தொழிலுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார். "நவுன்னா சரக்கு வண்டி. அதுக்குப் பெயின்ட் அடிச்சா அட்ஜெக்டிவ். 'அண்ட்'டுன்னா நம்ம கொக்கி. வெர்ப்புதாண்ணே எஞ்சின். எஞ்சின் இல்லாம நூறு வண்டி கோத்து வச்சாலும் ஒரு அடி நகருமா, நீங்களே சொல்லுங்க?"

வீட்டிலும் இதே பாடம்தான். 'குழம்பு' நவுன், 'சூடான' அட்ஜெக்டிவ் என்று ஆரம்பித்தால் அவர் மனைவி வீரம்மா கரண்டியைக் காட்டுவாள். "திங்கிறது வெர்ப்புதானே? மொதல்ல அத ஓட்டுங்க."

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்த இங்கிலீஷை நல்லம்மாள் தேடி வந்தாள். கிள்ளான் பாதையில் ஒரு ரயில்வே கேட்டில் அவள் புருஷன் காவல்காரன். அவன் செத்ததும், மாதக் கடைசியில் குடிசையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றுகிற நேரம் அது. அவளையும் ஏற்றுவதாக ஏற்பாடு. அவள் பிறந்தது இங்கேயே, கேரி தீவில். 'ஊர்' என்று அவர்கள் சொல்கிற ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை.

ஏற்கெனவே கோர்ட்டு வாசலில் ஒருவரைப் பிடித்து மனு எழுதிப் போட்டிருந்தாள். பதிலே இல்லை. அதன் நகலைச் சபாபதி தண்டவாளத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படித்தார். மூன்று தாள், முதல் முற்றுப்புள்ளி மூன்றாம் தாளின் அடியில்தான் இருந்தது. ரயில்வே துரையின் கருணை, துரையின் தாயார் கருணை, துரை குடும்பத்தின் ஆயுள் எல்லாம் இருந்தன. கேட் எங்கேயும் இல்லை. "நாப்பத்தேழு வண்டி கோத்திருக்கான் தங்கச்சி! பூரா பெயின்ட்டு. எஞ்சின வைக்க மறந்துட்டானே பாவி!"

பிறகு நல்லம்மாளிடம் கேட்டுக் கேட்டு அவரே எழுதினார். மொத்தம் ஐந்து வரி. என் புருஷனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. இரண்டு வருஷம் நான்தான் கேட்டை மூடினேன். ஒருவரும் சாகவில்லை. எல்லா ரயிலும் எனக்குத் தெரியும். கேட்டை எனக்குக் கொடுங்கள்.

ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணியார் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதென்ன காணும், மனுவோ, குற்ற ஒப்புதலோ? உத்தியோகம் இல்லாத பொம்பிளை ரெண்டு வருஷம் கேட் பூட்டினவ எண்டு நீரே எழுதிக் குடுக்கிறீர். நாளைக்கே கப்பல் ஏத்திப்போடுவினம். அந்த வரியை வெட்டும்."

"அத வெட்டுனா எஞ்சினக் கழட்டுனாப்ல ஆயிடுங்க" என்றார் சபாபதி. ஆனால் குரலில் வழக்கமான சத்தம் இல்லை. நல்லம்மாள் பக்கம் திரும்பினார். "கப்பல் ஏறப்போறது நீ, நானில்ல. நீயே சொல்லு தங்கச்சி."

"ரெண்டு வருசம் மழையில கொடி புடிச்சு நின்னவ நானு. அத மறைச்சுப்புட்டு வேற என்னத்த எழுதுவீங்க? அப்படியே இருக்கட்டும்ணே." பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். கிராணியாரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடியே அதை உள்ளே கொண்டுபோனார்.

பதினோராம் நாள் துரை தண்டவாள டிராலியில் வந்து அந்தக் கேட்டில் இறங்கினார். கையில் அந்த மனு. கூட வந்த கிராணியார் மொழிபெயர்த்தார்: அடுத்த ரயில் எது? நல்லம்மாள் குனிந்து தண்டவாளத்தில் கை வைத்தாள். "கிள்ளான் கூட்ஸுங்க. இன்னிக்கு லேட்டு. இப்பத்தான் பாலம் தாண்டுது. உங்க டிராலிய எடுக்கச் சொல்லுங்க சாமி."

எடுத்தார்கள். எடுத்து முடிப்பதற்குள் வளைவில் கூட்ஸ் ஊதியது. துரை மனுவின் அடியிலேயே நீலப் பென்சிலால் மூன்று வார்த்தை எழுதினார். அவள் இருக்கட்டும் என்று அர்த்தம். சபாபதி அதைப் பார்த்துவிட்டு யார்டு முழுக்கச் சொன்னார். "பாத்தீங்களா, துரையும் நம்மள மாதிரிதான் எழுதுறாரு!"

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் கிள்ளான் கூட்ஸில் அவருக்கு வேலை. கிளம்பும் முன் கடைசி வண்டியில் சாக்குக்கட்டியால் ஒரே வரிதான் எழுதுகிறார், அவள் கேட்டை மூடுகிறாள் என்று. எழுதிவிட்டுத் தட்டுவதில்லை. "புள்ளி எங்கண்ணே?" என்று யார்டில் கிண்டல் செய்வார்கள். "அது வழியில இருக்கு லா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார்.

கேட் நெருங்குகிறது. கம்பு இறங்கி, இருபக்கமும் மாட்டு வண்டிகள் நிற்க, நல்லம்மாள் பச்சைக் கொடியோடு நேராக நிற்கிறாள். சபாபதி ஒரு கையால் கம்பியைப் பிடித்து வெளியே சாய்கிறார். இடுப்புச் சுத்தியலை உருவி ஓங்கி ஒரு தட்டு.

டங்!