இரண்டு புது டயர்

ஆரியசாலைச் சந்தையில் அரிசியும் பருப்பும் ஏற்றி, பொன்முடி மலையில் உள்ள தேயிலை எஸ்டேட் கடைகளுக்குக் கொண்டு போவதுதான் எங்கள் வீட்டுப் பிழைப்பு. ஒரே ஒரு பிக்கப் வண்டி. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கியது. அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, லைசென்ஸ் கிடைக்கவில்லை. அதனால் ஓட்டுவது தம்பி, மூட்டை தூக்குவது அண்ணன். நான் அப்போது மூன்றாம் வகுப்பு படித்த பெண்.

இடவப்பாதி மழை, ஜூன் மாதத்துப் பெருமழை, வரப் போகிறது. நாலு டயரும் மொட்டை. கையில் இருந்ததற்கு இரண்டு புது டயர்தான் வந்தது. அதை எங்கே மாட்டுவது என்று வாசலிலேயே சண்டை.

"முன்னாலதான் போடணும். வளைவுல ஸ்டியரிங் திரும்பலேன்னா நேரா பள்ளந்தான், கேட்டியா?" என்றார் சித்தப்பா.

"ஏறும்போது சரி. இறங்கும்போது வண்டி காலி. பின்னால கனம் இருக்காது. வாலு வழுக்கும்லே" என்றார் அப்பா.

"எண்ணே, வண்டி ஓட்டுகது நானா நீயா? மூட்டை தூக்குகவனுக்கு டயரப் பத்தி என்ன?"

புது டயர் இரண்டும் முன்னால் ஏறின. சித்தப்பா அவற்றுக்கு அடியில் டயருக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தார். அம்மா உள்ளே போய் இன்னும் இரண்டு பழம் எடுத்து வந்து பின்னால் வைத்தாள்.

"மைனி, பழைய டயருக்கு எதுக்குப் பழம்?"

"அதுக்குத்தான் வேணும்" என்றாள்.

மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட ஒரு நாள், அழுது அடம்பிடித்து நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஏறும்போது வண்டி கல் மாதிரிப் போனது. வளைவு வரும்போதெல்லாம் சித்தப்பா அப்பாவைப் பார்த்து, "எப்படிப் பிடிக்கி பாத்தியா?" என்றார். அப்பா கண்ணாடி வழியே மழையைப் பார்த்தார்.

மேலே மூட்டை இறக்கி முடிந்தபோது மூடுபனி வந்துவிட்டது. கடைக்காரர், "மண்ணு இடியுது. வழி அடையும் முன்ன இறங்கிருங்க" என்றார். இறங்கினோம்.

ஒரு வளைவில் சித்தப்பா பிரேக் மிதித்தார். வண்டியின் முன்பக்கம் ரோட்டைத்தான் பார்த்தது. பின்பக்கம் மட்டும் தனியாகப் பள்ளத்துக்குப் போனது. எனக்குத் திருவிழா ராட்டினம் போல் இருந்தது.

"இன்னொரு தடவை சித்தப்பா" என்று சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கை என் நெஞ்சைச் சீட்டோடு சேர்த்து அழுத்தியிருந்தது. வண்டி ஓரக்கல்லில் இடித்து நின்றது.

இரண்டு பேரும் இறங்கினார்கள். வண்டியில் காலிச் சாக்குகள் கிடந்தன. மலையிலிருந்து சரிந்து கிடந்த செம்மண்ணைக் கையால் வாரி வாரிச் சாக்குகளில் நிறைத்தார்கள். பின் சக்கரத்துக்கு நேர் மேலே அடுக்கினார்கள். பிறகு மழையில் நின்றே ஏதோ பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை. சித்தப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்ததும், அப்பா கையைத் தட்டிவிட்டுப் பின்னால் ஏறி அந்தச் சாக்குகள் மேல் உட்கார்ந்ததும் தெரிந்தது.

கோபம் என்று நினைத்தேன். தம்பி பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை.

சித்தப்பா ஏறி வண்டியை நடக்க விட்டார். கொஞ்ச தூரத்தில் பின்னால் தகரத்தில் பட்டென்று ஓர் அடி. சித்தப்பா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அடுத்த வளைவில் மறுபடி அடி. மறுபடி காலை எடுத்தார்.

"அப்பா எதுக்கு வண்டிய அடிக்காரு?"

"பேசாம இரு மக்களே."

பின் கண்ணாடி வழியாக அப்பாவுக்குக் கை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து சக்கரத்தையும் ரோட்டு ஓரத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அடி மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது, மலை முடியும் வரை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன்.

"அப்பாவும் சித்தப்பாவும் பிணக்கு. அப்பா பின்னால இருந்து வண்டிய அடிச்சுக்கிட்டே வந்தாரு."

அம்மா வெளியே வந்தாள். மண் சாக்குகளைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

வால் வழுக்கத் தொடங்குவது பின்னால் இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். பிரேக்கை விடு என்று சொல்லத்தான் அந்த அடி. வண்டி பள்ளத்துக்குப் போயிருந்தால் முதலில் போவதும் அவர்தான். இது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

சித்தப்பா சாயாகூடக் குடிக்காமல் மழையில் குந்தி டயரைக் கழற்றினார். முன்னால் இருந்தது பின்னால் போனது. அப்பா நல்ல கையால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பிணக்கு தீர்ந்தது என்று எனக்குச் சந்தோஷம்.

எப்போதும் தன் கையாலேயே கொழுந்தனுக்கு முதலில் சோறு போடும் அம்மா அன்றைக்குத் தட்டை என் கையில் தந்தாள்.

"நீ கொண்டு குடு" என்றாள்.

சித்தப்பா தட்டை வாங்கிக்கொண்டு வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தார். குழம்பு ஊற்ற மறந்துவிட்டேனோ என்று எட்டிப் பார்த்தேன். ஊற்றித்தான் இருந்தது.