ஓனர் வண்டியின் டைமிங் செயின்

எங்கள் பனியன் கம்பெனி ஓனரின் பைக் வருவது தெருமுக்கிலேயே கேட்டுவிடும். சக்கரத்தைச் சுற்றுகிற செயின் அல்ல, எஞ்சினுக்குள்ளே ஓடுகிற டைமிங் செயின் தளர்ந்துபோய், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் ஆறேழு மாசம் பிழைப்பு நடத்தினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூர் ராயபுரத்துச் சந்து ஒன்றில் இருந்தது கம்பெனி. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீட்டின் நடுச்சுவர்களை இடித்துவிட்டு நாலைந்து தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு அயர்ன் டேபிள் போட்டிருந்தார்கள். திருப்பூரில் அதற்கும் கம்பெனி என்றுதான் பெயர். வாசலை ஒட்டிய மேஜையில் நான் செக்கிங். தைத்து வருகிற பனியனில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று நாளெல்லாம் புரட்டிப் புரட்டி, மனுஷர்களையும் அப்படியே பார்க்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது. யாராவது காரணமில்லாமல் சிரித்தால் உள்பக்கத்தையும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டேன்.

அப்போது என் மகன் கைக்குழந்தை. வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. சொந்தபந்தமெல்லாம் வெள்ளகோவில் பக்கம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கம்பெனிக்கே தூக்கிவந்து, பின்னால் இருந்த வேஸ்ட் ரூமில் படுக்கவைப்பேன். வெட்டி மிச்சமாகிற பனியன் துணியெல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். எந்த மெத்தையும் அவ்வளவு மெத்தென்று இருக்காது.

ஆனால் பிள்ளைகள் யாரும் வாசற்படி தாண்டிக் கம்பெனிக்குள் வரக் கூடாது என்பது ஓனரின் கண்டிப்பான உத்தரவு. எனக்கு முன்னால் ஒருத்தி தன் மகளைக் கூட்டிவந்து, அந்தக் குழந்தை ஓடுகிற மெஷினின் பெல்ட்டில் கையை வைத்துவிட்டது. விரல் தப்பியது பெரிய விஷயம். அன்றைக்கே தாயையும் மகளையும் அனுப்பிவிட்டார். எனக்கும் அந்தக் கதி வந்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் மழையும் இல்லை, வேலையும் இல்லை.

அதனால்தான் அந்தச் சத்தம். ஓரம் மடித்துத் தைக்கிற பேட்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பாம்புக் காது. முக்கில் வண்டி திரும்பும்போதே என்னைப் பார்த்துத் தாடையை ஆட்டுவாள். நான் ஓடிப்போய் வேஸ்ட் ரூம் கதவைச் சாத்துவேன். எல்லாரும் ஒரே சமயத்தில் பெடலை மிதிப்பார்கள். அந்த இரைச்சலில் பிள்ளை அழுதாலும் கேட்காது. ஓனர் உள்ளே வந்து, எல்லாரும் தலை நிமிராமல் தைப்பதைப் பார்த்து, சந்தோஷமாகச் சாயப்பட்டறைப் பக்கம் போய்விடுவார்.

ஒருநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே பையும் ஸ்பேனருமாக ஒரு மெக்கானிக்.

"டைமிங் செயின் மாத்தோணும். இங்கியே, வாசல்லயே வெச்சுப் பண்ணு" என்றார்.

இத்தனை நாளாக அந்தச் சத்தத்தோடு ஓட்டியவருக்கு இன்றைக்கு என்ன திடீர் ஞானோதயம்? எவரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சத்தமில்லாமல் வந்து கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறார். அயர்ன்காரரைத் திரும்பிப் பார்த்தேன். ஓனர் வருகிற நேரத்தில் டீக்குக் கிளம்புகிற ஆள் அவர். அன்றும் டீக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சந்தேகத்தில் ஓனர் எனக்கு அண்ணன். மெக்கானிக்கிடம் எஞ்சினை விட்டுவிட்டு நகர்ந்தால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானைப் போட்டுவிடுவான் என்பது அந்தக் காலத்தில் வண்டி வைத்திருந்த எல்லாருடைய நம்பிக்கை. அதனால் புதுச் செயினைக் கோயமுத்தூரில் தானே வாங்கி வந்திருந்தார். ஒரு ஸ்டூலை வாசலில் போட்டு, வண்டிக்கு ஒரு கண், கம்பெனிக்கு ஒரு கண் என்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"என்ற கண்ணு முன்னால கழட்டு, என்ற கண்ணு முன்னாலயே மாட்டு."

"செரீங்ணா" என்றான் மெக்கானிக். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

கால் மணி நேரத்துக்குமேல் நிற்காத மனுஷர் அன்றைக்கு நாள் முழுக்க வாசலில். உள்ளே என் பிள்ளை. நல்லவேளை, தூங்கிக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் ஆயிலை வடித்தான். பக்கத்து மூடியைத் திறந்து, மேக்னெட் என்கிற கனத்த சக்கரத்தைக் கழற்றினான். தலைப்பகுதியைத் திறந்து, மேலே இருந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பழைய செயினை உருவி வெளியே போட்டான். ஓனர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லாத்தானப்பா இருக்குது?"

மெக்கானிக் புதுச் செயினை ஒரு கையிலும் பழையதை ஒரு கையிலும் படுக்கைவசமாக நீட்டிக் காட்டினான். புதுசு விறைப்பாக நின்றது. பழசு வாடிய கீரைத்தண்டு போலத் தொங்கியது. ஓனர் பழையதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் வினை வந்தது. மெக்கானிக் கையெல்லாம் ஆயில்.

"தொடைக்கத் துணி வேணுமுங்ணா."

"பனியன் கம்பெனி வாசல்ல உக்காந்துட்டுத் துணி கேக்கறியே. வேஸ்ட் ரூமு பின்னால இருக்குது, போய் அள்ளிக்க."

நான் எழுந்தேன். "நான் எடுத்துட்டு வாரனுங்க" என்றேன்.

"நீ பீஸைப் பாரு அம்மிணி" என்றார் ஓனர்.

மெக்கானிக் என்னைத் தாண்டி உள்ளே போனான். கதவு திறந்தது. உடனே வரவில்லை. கையில் இருந்த ஒரே பனியனைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். ஒரு கைப்பிடித் துணியோடு வந்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தியிருந்தான். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்து விரல்களைத் துடைக்க ஆரம்பித்தான்.

பார்த்திருக்கிறான். சொல்லப்போகிறான். எப்போது சொல்லுவான் என்பதுதான் பாக்கி. அந்த ஆளை அப்போது எனக்கு அடியோடு பிடிக்கவில்லை.

பால் கொடுக்கிற நேரம் வந்து, தாண்டியும் போனது. மார் கட்டிக்கொண்டு வலித்தது. சேலை நனைவது தெரியாமல் இருக்க ஒரு கட்டு பனியனை நெஞ்சோடு அணைத்தபடி செக்கிங் பார்த்தேன். ஓனர் திரும்பித் திரும்பி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, இங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றான் மெக்கானிக். "மேக்னெட்டுல ஒரு கோடு, மேல சக்கரத்துல ஒரு புள்ளி. ரெண்டும் அதது எடத்துல நேரா நிக்கோணும். ஒரு பல்லு தப்புனாலும் வண்டி ஓடாது. பொறவு என்னையச் சொல்லக் கூடாது."

சந்தேகப் பேர்வழிக்கு வேறென்ன வேண்டும்! ஓனர் ஸ்டூலைவிட்டு இறங்கி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை நுழைக்காத குறையாகக் குனிந்தார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் உள்ளே ஓடினேன்.

பிள்ளை முழித்துக்கொண்டு, துணிக் குவியலில் இருந்த நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் மட்டும் கொடுக்க முடிந்தது. அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். இது என்னை உள்ளே விட்டுப் பிடிக்கிற திட்டமோ என்று கதவையே பார்த்துக்கொண்டு பால் கொடுத்தேன். அரைகுறையாகப் பிடுங்கிக்கொண்டு மேஜைக்கு ஓடிவந்தபோது ஓனர் இன்னும் குனிந்தே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

எல்லா மெஷினும் ஒன்றாக நின்றன. சந்தில் காக்கா கத்துவதுகூடக் கேட்டது. மெக்கானிக் செயின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எஞ்சினை ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். உள்ளே பாதி வயிற்றோடு விட்டுவந்த பிள்ளை சிணுங்கினான். பெரிய அழுகை இல்லை. கதவிடுக்கு வழியாக வந்த மெல்லிய இழுவை.

ஓனர் தலையை நிமிர்த்தினார். "என்னப்பா அது, கீச்சுங்குது?"

மெக்கானிக் ஸ்பேனரை நிறுத்தவில்லை. "புதுச் செயினுங்ணா. செட்டாகற வரைக்கும் அப்படித்தான் கத்தும்."

ஸ்பேனர் நின்றது. சிணுங்கல் நிற்கவில்லை.

ஓனர் எஞ்சினைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். என் மேஜையில் வந்து அவர் கண் நின்றது. பனியன் கட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். முடிந்தது கதை, வெள்ளகோவில் பஸ்தான் என்று நினைத்தேன்.

"செரி, ஆயில ஊத்து" என்றார்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. பூனை மாதிரி ஒரு உறுமல், அவ்வளவுதான். ஓனர் ஒரு நடை முக்குவரை ஓட்டிப் போய்த் திரும்பினார். வாசலுக்கு வந்து நிற்கும்வரை எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அக்காவின் பாம்புக் காதுக்கும் எட்டவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் பிள்ளையை எங்கே விடுவது என்று யோசித்து ஒரு வழியும் தெரியாமல், பயந்துகொண்டே மறுபடி தூக்கிப் போனேன்.

பத்து மணி வாக்கில் தெருமுக்கில் ஒரு ஹாரன். நீளமாக. யாரோ லாரிக்காரன் என்று இருந்தோம். கொஞ்சம் பொறுத்து ஓனர் வாசலில் வந்து நின்றார். அடுத்த நாளும் ஹாரன், பிறகு ஓனர். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை.

எனக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. ஹாரனை முக்கில் அடித்துவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்திப் பின்பக்கமாக நடந்து வந்து பிடிப்பார் என்று பல நாள் பின்பக்கத்துச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் அப்படி. அவர் வந்தார், தைப்பதைப் பார்த்தார், வேஸ்ட் ரூம் பக்கம் மட்டும் தலையைத் திருப்பவில்லை. மெக்கானிக் சொன்னானா, காதில் விழுந்ததா, அவருக்கே முன்பிருந்து தெரியுமா என்று நானும் கேட்கவில்லை.

பையன் நன்றாக நடக்க ஆரம்பித்து, பால்வாடி டீச்சரும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த பிறகு, ஓனரிடம் போய் நின்றேன்.

"பையனப் பால்வாடில சேக்கோணுமுங்க. நாளைக்கு ஒரு மணி நேரம் பர்மிசன் வேணுமுங்க."

இத்தனை நாள் எங்கே விட்டிருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. "போய்ட்டு வா அம்மிணி" என்றார், கையில் இருந்த சாம்பிள் பீஸைப் பார்த்தபடி.

பிள்ளையைச் சேர்த்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்றே, அக்கா சொன்ன ஏதோ கதைக்கு எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம். திரும்பினால் ஓனர், இடுப்பில் கையை வைத்தபடி.

"ஏனுங்க, இது கம்பெனிங்களா, சந்தைங்களா?"

எல்லாருக்கும் செமத்தியான திட்டு. எனக்கு ஒரு பங்கு கூடுதலாகவே. அவர் போனதும் அக்கா பெடலில் காலை வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஏம்புள்ள, இன்னைக்கு ஆரனே அடிக்கலையே அந்த மனுசன்?"

"பையன் பால்வாடிக்குப் போயிட்டானுங்கக்கா" என்றேன்.