ஏரியைக் காணவில்லை

பெங்களூருக்கு வந்தபின் முதல் சதுர்த்தி. களிமண் பிள்ளையாரைக் கரைக்க நானும் மனைவியும் ஏரிக்குப் போனோம். வாசலில் பெரிய பெயர்ப்பலகை. உள்ளே சிமெண்ட் படிக்கட்டு வைத்த சின்னக் குளம். "இதைப் போய் ஏரிங்கறாங்க. எங்க ஊர்ல எருமை குளிக்கவே இது பத்தாது" என்று மனைவியிடம் எரிச்சல்பட்டுக்கொண்டே, மூன்று முறை முக்கிக் கரைத்தேன்.

பக்கத்தில் மைதானம்போலப் பச்சைப் பசேலென்ற வெளி. ஆட்டோ நிற்குமிடத்துக்குக் குறுக்கு வழி என்று நினைத்துக் கால் வைத்தேன். இடுப்புவரை இறங்கிவிட்டேன். அடியில் சேறு காலை விடவில்லை. கையில் சிக்கியதெல்லாம் ஆகாயத்தாமரை. மனைவி அலறினாள்.

ஓடிவந்த காவலாளி என்னைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். சேற்றை வழித்துக்கொண்டே, "புல்லுன்னு நெனைச்சேன். ஏரி அந்தப் படிக்கட்டுப் பக்கம்தானே இருக்கு?" என்றேன்.

"பிள்ளையாரைக் கரைக்கன்னே கட்டின குளம் சார் அது," என்றார். "இப்ப நீங்க விழுந்தீங்களே, அதுதான் ஏரி."