சூரணத்துக்கு எது காலை

கும்மிடிப்பூண்டி ஆயுர்வேத வைத்தியர் வீட்டு வாசல் பெஞ்சில் இரண்டாம் முறையாகக் காத்திருக்கிறேன். காலை எட்டரை மணி. கணையம் அடிக்கடி வீங்கி ஆஸ்பத்திரியில் படுப்பவன் நான். மடியில் ஸ்கேன் ஃபைல் கனக்கிறது. பக்கத்தில் கம்பெனிச் சட்டையோடு ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து ரசஞ்சோறு சாப்பிடுகிறார். அவருக்கும் கணையம்தானாம்.

"காலையிலேயே சோறா?" என்கிறேன்.

"எனக்கு இது ராத்திரி சாப்பாடு சார். தேர்வாய் கண்டிகை ஃபேக்டரில நைட் ஷிஃப்டு முடிச்சிக்கினு நேரா வர்றேன்."

"அப்ப காலையில வெறும் வயித்துல போடச் சொன்ன சூரணம்?"

"எழுந்ததும் போட்டுக்குவேன். இந்த வாரம் சாயந்திரம் நாலு மணிக்கு. அடுத்த வாரம் பகல் ஷிஃப்டு, அப்ப விடிகாலைல."

"வைத்தியருக்குத் தெரியுமா?"

"காலைல போடறியான்னு கேப்பாரு. ஆமாம்பேன். பொய் இல்லியே."

"வலி?"

"நாலு மாசமா வர்ல."

நான் அலாரம் வைத்து ஆறு மணிக்கு நிமிஷம் தவறாமல் விழுங்குகிறவன். அப்படியும் வலி வந்து படுத்து, போன வாரம்தான் டிஸ்சார்ஜ் ஆனேன்.

உள்ளேயிருந்து வைத்தியர் என்னைக் கூப்பிடுகிறார். முதல் கேள்வியே, "காலையில் மருந்து எடுத்தீங்களா?"

இன்று பஸ் பிடிக்க மூன்று மணிக்கே எழுந்து விழுங்கினேன். அது காலையா, ராத்திரியா என்று தெரியாமல் கதவருகே நிற்கிறேன்.